வீட்டுத்தோட்டக் கேள்வி-பதில்: கோரை, பார்த்தீனியம், அமலை

கேள்வி: வீட்டின் பின்புறம் இரண்டு சென்ட் இடம் இருக்கிறது. ஆடியிலேயே எல்லாவற்றையும் விதைத்துவிடலாமா? (பாளையங்கோட்டை)

பதில்: முதல் ஆண்டு அரை சென்ட், அதாவது ஏறத்தாழ 200 சதுர அடி போதும். கொத்திப் போட்டுவிட்டு விதைக்காமல் விடும் இடத்தைக் களை எடுத்துக்கொள்ளும். ஆடிப்பட்டம் சரிதான், ஆனால் நம் பக்கத்து ஆடிக்காற்று பந்தலையே சாய்த்துவிடும் என்பதால், வெண்டையையும் சீனியவரையையும் (கொத்தவரை) ஆடியில் ஊன்றிவிட்டு, புடலை, பீர்க்கு, பாகல் ஆகிய கொடிகளைக் காற்று தணிந்தபின் ஆவணியில் போடுங்கள். கத்தரி, மிளகாய் நாற்றை ஆவணியில் பாவினால் புரட்டாசிக் கடைசியில் நடலாம். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். பாத்தி மேடாக இருக்கட்டும். தொழு உரம் 50 கிலோ போதும், ஆனால் நன்றாக மக்கியிருக்க வேண்டும்.

கேள்வி: தோட்டம் முழுவதும் களையாக இருக்கிறது. ஒரு நல்ல மருந்து சொல்லவும். (வள்ளியூர்)

பதில்: என்ன களை? புல்லா, கோரையா, அகன்ற இலையா, பிடுங்கினால் அடியில் ஆணிவேர் வருகிறதா, கிழங்கு வருகிறதா என்று ஒரு வரிகூட எழுதாமல் மருந்து கேட்டால் நான் என்ன சொல்வது? சாரணத்தியைக் கையால் பிடுங்கினாலே போதும். அருகம்புல்லைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். எல்லாக் களையையும் கொல்லும் மருந்து உங்கள் கத்தரியையும் சேர்த்துக் கொல்லும். ஒரு செடியை வேரோடு எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஒரு டிராக்டர் வண்டல் மண் வாங்கிப் பாத்தி போட்டேன். மூன்றே வாரத்தில் கோரை மூடிவிட்டது. கொத்தக் கொத்தக் கூடுகிறது. பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் அடங்குமா? (சேரன்மகாதேவி)

பதில்: அந்தக் கோரையை நீங்களே காசு கொடுத்து இறக்கியிருக்கிறீர்கள். எத்தனை முறை எழுதினாலும், மண்ணைப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு மருந்து கேட்கும் கடிதங்கள் குறையவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒருவர் பேச்சை நம்பி இரண்டு லோடு குளத்து மண் இறக்கினேன். கரையோரம் கோரை மண்டிய இடத்தில் மேலாக வழித்த மண் அது என்பது மழை பெய்தபின்தான் தெரிந்தது. மூன்று கோடைக்காலம் அதற்கே போயிற்று.

வண்டி தட்டுவதற்கு முன் நான்கைந்து இடத்தில் கைவிட்டு அள்ளி, உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். சுண்டை வற்றல் அளவில், கறுத்த தோலும் மயிர் போன்ற வேரும் உள்ள உருண்டை அகப்பட்டால், அதைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். உள்ளே வெளுத்து, குளியல் பொடி வாசம் அடித்தால் அது கோரைக்கிழங்கு. வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இனி உங்கள் பாத்திக்கு வருவோம். கிழங்குகள் நூலில் கோத்த மணிபோல மண்ணுக்குள் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும். களைக்கொத்தால் மேலாகக் கொத்தும்போது அந்தத் தொடர் அறுந்து, உறங்கிக்கிடந்த ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைப்பதால்தான் கொத்தக் கொத்தக் கூடுகிறது. பிளாஸ்டிக் விரிப்பையும் அதன் ஊசிமுளை குத்திக்கொண்டு வந்துவிடும். பங்குனி, சித்திரையில் தண்ணீரை அடியோடு நிறுத்தி, மண்வெட்டியால் ஓர் அடி ஆழம் புரட்டி, கையில் அகப்படும் கிழங்கையெல்லாம் பொறுக்கிவிட்டு, மிச்சத்தை இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயவிடுங்கள். இடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் பட்ட பாடு வீண். பிறகு முளைப்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதுக்கிழங்கு வைப்பதற்குள், தோண்டி எடுங்கள். கோரை நிழலில் நலியும் என்பதால் அடுத்த பட்டத்தில் தட்டைப்பயற்றை நெருக்கி விதையுங்கள்.

கேள்வி: பார்த்தீனியத்தை உரக்குழியில் போடலாமா? உப்புக் கரைசல் தெளித்தால் சாகும் என்கிறார்களே? (மேலப்பாளையம்)

பதில்: பூப்பதற்கு முன் பிடுங்கியதைப் போடலாம், பூத்ததைப் போடாதீர்கள், ஏனெனில் ஒரு செடியே பத்தாயிரத்துக்கு மேல் விதை உதிர்க்கும். லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பு கரைத்துத் தெளித்தால் செடி கருகும் என்பது உண்மைதான். ஆனால் அது வேலிக்கு வெளியே, எதுவும் பயிரிடாத தரிசுக்குத்தான். பாத்தியில் தெளித்தால் மண் கெடும். மழை பெய்து நிலம் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு பிடுங்குங்கள். அரிப்பும் மூச்சுத்திணறலும் வந்தபின் வருந்திப் பயனில்லை.

கேள்வி: பாளையங்கால்வாயில் மிதக்கும் அமலைச் செடியை (ஆகாயத்தாமரை) அள்ளி வந்து, பாத்தி மண்ணை மூடும் மூடாக்காகப் போடலாமா?

பதில்: பூக்காததை அள்ளி, கரையிலேயே வெயிலில் சருகாகக் காயவைத்துப் போடலாம். சாக்கடை கலக்கும் இடத்தில் எடுத்ததைக் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள். உங்கள் தொட்டியிலோ கிணற்றிலோ ஒரு செடிகூட விழக் கூடாது.

கேள்வி: மூலையில் நின்ற சீமை உடையை (சீமைக் கருவேலம்) வெட்டினோம், மறுபடி துளிர்க்கிறது. (நாங்குநேரி)

பதில்: தரைமட்டத்தில் வெட்டினால் துளிர்க்கத்தான் செய்யும். மழைக்குப் பின் தூரைச் சுற்றிப் பறித்து, தண்டும் வேரும் சேரும் முண்டோடு பெயர்த்தெடுங்கள். நெற்றுகளையும் பொறுக்கிவிடுங்கள், ஆடு தின்றால் புழுக்கை வழியே விதை பரவும். மக்காத ஆட்டு எருவைப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வெண்டை விதையை ஊறவைக்க வேண்டுமா?

பதில்: ஓர் இரவு ஊறினால் போதும், காலையிலேயே ஊன்றிவிடுங்கள்.