வேலை போனபின் காப்பீடு: நவம்பர் வரை காத்திருக்க வேண்டுமா?

அமெரிக்காவின் டாலஸ் நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர், ஜூன் 12 அன்று தமக்கு வேலை போய்விட்டதாகவும், நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு ஜூன் 30-உடன் முடிவதாகவும், ஆஸ்துமா உள்ள மகனை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் நவம்பரில் தொடங்கும் பதிவுக்காலம் வரை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். முழுக் குடும்பத்துக்கும் மலிவான காப்பீடு தருவதாக ஒருவர் தொலைபேசியில் நச்சரிக்கிறாராம்.

நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலைவழிக் காப்பீட்டை இழந்தவர் 60 நாட்களுக்குள், அதாவது நீங்கள் ஆகஸ்ட் 29-க்குள், அரசின் காப்பீட்டுச் சந்தையான ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் சிறப்புப் பதிவு, அதாவது பதிவுக்காலத்துக்கு வெளியே பதிவு, செய்துகொள்ளலாம். கெடு தொடங்குவது வேலை போன நாளில் அல்ல, காப்பீடு முடியும் நாளில். ஜூன் 30-க்குள் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் ஜூலை 1 முதல் காப்பீடு உண்டு. ஒரு நாள் பிந்தி ஜூலை 1-இல் தேர்ந்தெடுத்தால் ஆகஸ்ட் 1 வரை வெறுங்கைதான். மனைவி வேலையில் இருந்து, அவருடைய நிறுவனக் காப்பீட்டில் சேர்வதாக இருந்தாலோ கெடு பொதுவாக 30 நாட்களே. ஒரே இழப்புக்கு இரண்டு கெடு வைத்தவர்கள், வேலையிழந்த வாரத்தில் படிவம் நிரப்பிப் பார்த்ததில்லை போலும்.

தொலைபேசிக்காரர் விற்பது பெரும்பாலும் குறுகியகாலத் திட்டமாக இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதில் பணம் தரமாட்டார்கள். உங்கள் மகனின் இன்ஹேலர் செலவு உங்கள் தலையில்தான் விழும். அந்தத் திட்டம் காலாவதியானால் சிறப்புப் பதிவு உரிமையும் பிறக்காது. அரசு தந்த அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணை அவரிடம் சொல்லவே சொல்லாதீர்கள். காப்பீடு வைத்திருப்பவருக்கே தெரியாமல் முகவர்கள் திட்டத்தை மாற்றிவிட்டதாக 2024-இல் புகார்கள் குவிந்து, பலருடைய அனுமதியை அரசு நிறுத்திவைக்க நேர்ந்தது.

நடுவில் விடுபடும் மாதத்துக்குக் கோப்ரா இருக்கிறது. பழைய காப்பீட்டையே, நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து 102 சதவீதம் வரை பிரீமியம் கட்டித் தொடரும் ஏற்பாடு அது. விருப்பம் தெரிவிக்க 60 நாட்கள் அவகாசம் உண்டு. தெரிவித்தால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். ஆனால் சிறப்புப் பதிவுக்கான 60 நாட்கள் கழிந்தபின், பிரீமியம் கட்டுப்படியாகவில்லை என்று கோப்ராவை நீங்களாக நிறுத்தினால் மறுபடி சிறப்புப் பதிவு கிடைக்காது. அதன் முழுக்காலம், வழக்கமாக 18 மாதம், முடிந்தால் கிடைக்கும். பழைய நிறுவனம் கோப்ராவில் ஒரு பங்கைக் கட்டிவந்து, அதை நிறுத்தினாலும் கிடைக்கும். நீங்கள் தவணை கட்டத் தவறி அது ரத்தானால் கிடைக்காது.

காப்பீடு முடியும் தேதியைக் குறிப்பிடும் கடிதத்தை நிறுவனத்திடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். சான்று கேட்டால், திட்டத்தைத் தேர்ந்தெடுத்த 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். முதல் தவணையைக் கட்டும்வரை புதிய காப்பீடு நடைமுறைக்கு வராது.