அமெரிக்காவுல வீடு விக்கறீங்களா? ஏஜென்ட் கமிஷன் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சில பதினோரு வருஷம் லிஸ்டிங் ஏஜென்டா, அதாவது வீடு விக்கறவங்க பக்கத்து ஏஜென்டா இருந்தேன், இப்போ லைசென்ஸ் ஆக்டிவா இல்ல, அதனால உங்க யாரோட வீட்டையும் நான் வித்துக் குடுக்கப் போறதில்ல. சம்பளம் பேசும்போது ரெண்டாயிரம் டாலருக்கு ரெண்டு வாரம் மல்லுக்கட்டற நம்ம ஆளுங்க, வீடு விக்கும்போது முப்பதாயிரம் டாலர ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வந்துடறாங்க. அதப் பாத்துப் பாத்து மனசு ஆறாமதான் எழுதறேன்.

கேள்வி: அக்கா, எங்க ஏஜென்ட் 6 பர்சன்ட்தான் ஸ்டாண்டர்ட், எல்லாரும் அதான் வாங்கறாங்கன்னு சொல்றார். நிஜமாவே அப்படி ரூல் இருக்கா?

இல்லவே இல்ல தம்பி. ரூல் இருந்தாதான் தப்பு. வாஷிங்டன்ல இருந்த ரியல் எஸ்டேட் போர்டு தன்னோட மெம்பர்களுக்கெல்லாம் ஒரே ரேட்னு வச்சிருந்தது வியாபாரப் போட்டிய தடுக்கக்கூடாதுன்ற ஷெர்மன் சட்டத்துக்கு விரோதம்னு சுப்ரீம் கோர்ட் 1950லயே சொல்லிடுச்சு. விக்கறவர் ஏஜென்டுக்கும் வாங்கறவர் ஏஜென்டுக்கும் சேர்த்து அஞ்சு, ஆறு பர்சன்ட்ங்கறது பழக்கம், அவ்ளோதான். "எங்க கம்பெனில இதான் ரேட்"னு ஒருத்தர் சொல்லலாம், அது அவங்க விருப்பம். "எல்லா இடத்துலயும் இதான்"னு சொன்னா அடுத்த ஆள பாருங்க.

கேள்வி: 2024ல ரூல் மாறிடுச்சு, இனிமே செல்லர் பையரோட ஏஜென்டுக்கு ஒரு பைசா குடுக்க வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. கேஸ் கதைய சுருக்கமா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா பேசறது சுலபம். மிசௌரில வீடு வித்தவங்க சிலர் சேர்ந்து ரியல்டர்ஸ் சங்கம் மேலயும் பெரிய ப்ரோக்கர் கம்பெனிங்க மேலயும் கேஸ் போட்டாங்க, எங்களுக்கு எதிர்த்தரப்பா நிக்கற ஏஜென்டுக்கும் நாங்கதான் கமிஷன் தரணுமான்னு. 2023 அக்டோபர் கடைசில கான்சஸ் சிட்டி ஜூரி கிட்டத்தட்ட 1.8 பில்லியன் டாலர் நஷ்ட ஈடுன்னு தீர்ப்பு சொன்னாங்க. 2024 மார்ச்ல சங்கம் 418 மில்லியனுக்கு செட்டில் பண்ணுச்சு, கூடவே ரூலையும் மாத்த ஒத்துக்கிட்டாங்க, அது 2024 ஆகஸ்ட் 17லேர்ந்து நடைமுறைல இருக்கு.

மாறினது முக்கியமா ரெண்டு. பையர் ஏஜென்டுக்கு இவ்ளோ தரோம்னு எம்எல்எஸ்ல, அதாவது ஏஜென்டுங்க விக்கற வீடுகள போடற பொதுப் பட்டியல்ல, இனிமே போட முடியாது. அப்புறம், பையர் வீடு பாக்கப் போறதுக்கு முன்னாடியே அவரோட ஏஜென்ட்கூட எழுத்துல அக்ரிமெண்ட் போடணும், ஃபீஸ் எவ்ளோன்னு அதுல தெளிவா இருக்கணும், அதுக்கு மேல அந்த ஏஜென்ட் யார்கிட்டேர்ந்தும் வாங்கக்கூடாது.

ஆனா நீங்க தரவே கூடாதுன்னு எங்கயும் சொல்லல. பையர் தன்னோட ஆஃபர்லயே "என் ஏஜென்டுக்கு 2.5 பர்சன்ட் செல்லர் குடுக்கணும்"னு எழுதி அனுப்புவாங்க, இப்போ ரொம்ப சகஜமா நடக்குது. அதனால லிஸ்டிங் அக்ரிமெண்ட்லயே அவங்களுக்கு இவ்ளோன்னு முன்கூட்டியே ஒத்துக்காதீங்க. "ஆஃபர் வரும்போது பாத்துக்கலாம்"னு மட்டும் வைங்க. வந்த பிறகு கைக்கு என்ன மிஞ்சுதுன்னு கணக்கு போடுங்க. ஒருத்தர் 610,000 தரேன், என் ஏஜென்டுக்கு 2.5 பர்சன்ட் குடுங்கன்னா அது 15,250 போக 594,750. இன்னொருத்தர் 600,000தான் தரேன், எதுவும் வேண்டாம்னா அதான் 5,250 ஜாஸ்தி. பாக்க சின்ன ஆஃபர், ஆனா கைல பெருசு.

ஒரே ஒரு விஷயம். உங்களோடது முதல் தடவ வீடு வாங்கறவங்க தேடற மாதிரி வீடுன்னா பிடிவாதம் பிடிக்காதீங்க. அவங்க டவுன் பேமெண்டுக்கே திணறுவாங்க, ஏஜென்ட் ஃபீஸையும் கையிலேர்ந்து போடுன்னா வீட்ட பாக்கவே வரமாட்டாங்க.

கேள்வி: கமிஷன கொறைங்கன்னு கேக்கவே கூச்சமா இருக்கு அக்கா, ஏஜென்ட் எங்க ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட் வேற. எப்படி ஆரம்பிக்கறது?

இதுக்கு நான் பாத்த ஒண்ண சொல்றேன். நாங்க லிஸ்டிங் பேச வரும்போது ஃபார்ம்ல எங்க பக்கத்து கமிஷன் கட்டத்துல வீட்லயே பேனாவால 3ன்னு எழுதிட்டு வருவோம். மை காஞ்சிருக்கறத பாத்ததும் எல்லாரும் அது அச்சடிச்சதுன்ற மாதிரி நினைச்சு அடுத்த பக்கம் திருப்பிடுவாங்க. ஒரு அம்மா மட்டும் திருப்பல. என்னோட பேனாவயே வாங்கி அந்த 3அ ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல 2.25ன்னு எழுதி, தன்னோட இனிஷியல் போட்டு, பேப்பர என் பக்கம் திருப்பி வச்சிட்டு ஒரு வார்த்தை பேசல. கோவமும் இல்ல, சிரிப்பும் இல்ல, சும்மா உக்காந்திருந்தாங்க. நான் அரை நிமிஷம் யோசிச்சிட்டு இனிஷியல் போட்டேன். ஏன்னா வீடு சுத்தமா இருந்துச்சு, ஏரியா நல்ல ஏரியா, ரெண்டு வாரத்துல போயிடும்னு எனக்குத் தெரியும்.

அந்த மாதிரி உங்க கைல என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க. வீடு பெயிண்ட் அடிச்சு ரெடியா இருக்கா, அடுத்த வீட்டையும் அவர் மூலமாவே வாங்கப் போறீங்களா, விலை பெருசா, இதெல்லாம் ஏஜென்டுக்கு லாபம், அத சொல்லிக் கேளுங்க. மூணு பேர வரவழைச்சுப் பேசுங்க, முதல்லயே ரேட் கேக்காம அவங்க என்ன விலைக்கு போடுவாங்க, ஏன், போட்டோ யாரு செலவு, ஓபன் ஹவுஸ் எத்தன, எல்லாம் சொல்ல விட்டுட்டு கடைசில "மத்தவங்க 2.25 சொல்றாங்க, உங்களத்தான் எங்களுக்குப் பிடிச்சிருக்கு, என்ன பண்ணலாம்?"னு கேளுங்க. மத்தவங்க நிஜமா சொல்லியிருந்தா மட்டும் இத சொல்லுங்க, பொய் வேண்டாம், ஏஜென்டுங்களுக்கு ஊர்ல நடக்கற ரேட் தெரியும். எதுவா இருந்தாலும் கையெழுத்துக்கு முன்னாடி.

ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுன்னா இன்னும் தெளிவா பேசணும். அப்புறம் மனசுக்குள்ள வச்சுக்கிட்டு முகம் குடுத்துப் பேச முடியாம போறதுக்கு இது மேல்.

கேள்வி: கமிஷன் கொறைச்சா நம்ம வீட்டுக்கு சரியா வேலை செய்யமாட்டாங்கன்னு பயம்.

நியாயமான பயம்தான், ஆனா ஜாஸ்தி குடுத்தாலும் அந்தப் பிரச்சனை அப்படியேதான் இருக்கும். கணக்கு பாருங்க. உங்க வீடு 10,000 டாலர் ஜாஸ்திக்குப் போனா 2.5 பர்சன்ட்ல ஏஜென்ட் பக்கம் போறது 250. அதுவும் ஏஜென்ட் கைக்கு நேரா போகாது, கமிஷன் ப்ரோக்கர் கம்பெனிக்குத்தான் போகும், அவங்க பங்கு எடுத்துட்டு மிச்சம்தான் இவருக்கு. எழுபது முப்பதுன்னு வச்சா 175 டாலர். அதுக்காக இன்னும் ரெண்டு வாரம் ஓபன் ஹவுஸ் வைப்பாரா? "நல்ல ஆஃபர், ஒத்துக்கோங்க"ன்னுதான் சொல்லுவார். லெவிட், சைவர்சன்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் சிகாகோ பக்கம் நடந்த விற்பனைய வச்சு 2008ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஏஜென்டுங்க தங்களோட சொந்த வீட்ட விக்கும்போது சராசரியா ஒன்பதரை நாள் ஜாஸ்தி காத்திருந்து 3.7 பர்சன்ட் ஜாஸ்தி விலை வாங்கறாங்கன்னு.

அதனால மொத்தமா கொறைக்கறத விட படிக்கட்டு மாதிரி வைங்கன்னு சொல்லுவேன். 600,000 வரைக்கும் 2 பர்சன்ட், அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு டாலர்லயும் 10 பர்சன்ட். 620,000க்கு வித்தா அவருக்கு 12,000 கூட 2,000. உங்களுக்கு 18,000 கூடுதல். அந்த 600,000 நியாயமான விலையா இருக்கணும், அதுக்குத்தான் மூணு பேர்கிட்ட விலை கேக்க சொன்னேன்.

கேள்வி: பக்கத்துத் தெரு குடும்பம் வாங்கலாம்னு கேட்டிருக்காங்க. இருந்தாலும் லிஸ்ட் பண்ணலாம்னு இருக்கோம். அவங்களே வாங்கினா கமிஷன் உண்டா?

ஃபார்ம் மேல "எக்ஸ்க்ளூசிவ் ரைட் டு செல்"னு இருந்தா உண்டு, நீங்களே ஆள் புடிச்சாலும் உண்டு. அவங்க பேர அக்ரிமெண்ட்லயே விலக்கா எழுதிடுங்க, இவங்க வாங்கினா கமிஷன் இல்லன்னு. அந்த விலக்கு ஒரு மாசத்துக்கு மட்டும்னு ஏஜென்ட் கெடு கேப்பார், அது சரிதான்.

கேள்வி: எங்க ஏஜென்டே பையரையும் கூட்டிட்டு வந்துட்டார். ரெண்டு பக்கமும் அவரே. முழு 5 பர்சன்டும் அவருக்கா?

முன்னாடியே பேசலைன்னா அப்படித்தான் ஆகும். "வேற ஏஜென்ட் இல்லன்னா மொத்தம் இவ்ளோதான்"னு ஒரு வரி அக்ரிமெண்ட்ல இருந்திருக்கணும். இப்பவும் லேட் இல்ல, ஆஃபர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி 3 அல்லது 3.5க்குக் கேளுங்க, ரெண்டு வேலைய அவர் முழுசா செய்யல. அத விட முக்கியம், இனிமே அவர் உங்களுக்காக மட்டும் பேசமாட்டார், பேசவும் கூடாது. உங்க எழுத்துப்பூர்வ சம்மதம் வேணும், ஃப்ளோரிடா, கொலராடோ, கான்சஸ் மாதிரி சில மாநிலத்துல ஒரே ஆள் ரெண்டு பேருக்கும் முழு ஏஜென்டா இருக்கவே விடமாட்டாங்க. கடைசியா எவ்ளோ வரைக்கும் இறங்குவீங்கன்னு அவர்கிட்ட வாய் விட்டு சொல்லிடாதீங்க.

கேள்வி: ஃப்ளாட் ஃபீ குடுத்து எம்எல்எஸ்ல மட்டும் போட்டுட்டு நாமளே விக்கலாமா?

வேலைக்கு நடுவுல ஃபோன் எடுக்க, வீடு காட்ட, பேரம் பேச ஒருத்தர் வீட்ல இருந்தா தாராளமா. ஒரு ரியல் எஸ்டேட் வக்கீல வச்சுக்கோங்க, வீட்டுக் குறைகள சொல்ற டிஸ்க்ளோஷர் ஃபார்ம் ஒழுங்கா நிரப்புங்க. நேரம் இல்லாதவங்க இறங்க வேண்டாம், இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சு பையர் பக்கம் ரிப்பேர் லிஸ்ட் நீட்டும்போது அனுபவம் இல்லாதவங்க விட்டுக் குடுக்கறது, மிச்சம் புடிச்ச கமிஷன விட ஜாஸ்தி ஆயிடும்.

கேள்வி: நாங்க கோயம்புத்தூருக்கே திரும்பி வந்துட்டோம், கிரீன் கார்டும் சரண்டர் பண்ணியாச்சு. அங்க இருக்கற வீட்ட 700,000க்கு விக்கறோம். கமிஷன் தவிர வேற என்ன பிடிப்பாங்க?

இத விற்பனை முடியற க்ளோசிங் அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டு அழுதவங்கள பாத்திருக்கேன், அதனால நல்லா கேட்டுக்கோங்க. டாக்ஸ் விஷயத்துல நீங்க வெளிநாட்டவர்னா ஃபிர்ப்டா சட்டப்படி பையர் 15 பர்சன்ட் பிடிச்சு அமெரிக்க வரித்துறை ஐஆர்எஸ்க்கு அனுப்பணும். லாபத்துல 15 இல்ல, விற்பனை விலைல. கமிஷன் கழிச்ச பிறகும் இல்ல, முழு 700,000ல, அதாவது 105,000. பையர் அதுல குடியிருக்கப் போறார்னா ஒரு மில்லியன் வரைக்கும் 10 பர்சன்ட்தான், 300,000க்குள்ளன்னா பிடிக்கவே வேண்டாம். கமிஷன், லோன் எல்லாம் மிச்ச பணத்துலேர்ந்துதான் போகும், லோன் பாக்கி பெருசா இருந்தா கைலேர்ந்து போட வேண்டி வரலாம். உங்க நிஜ வரி அவ்ளோ வராதுன்னா க்ளோசிங்க்கு முன்னாடியே 8288-பி ஃபார்ம் போட்டு கொறைக்கச் சொல்லி கேக்கலாம். வரி கணக்கு போடும்போது ஏஜென்ட் கமிஷன் விற்பனைச் செலவா லாபத்துலேர்ந்து கழியும், ரசீத பத்திரமா வைங்க. வரி விஷயம் தெரிஞ்ச சிபிஏ (கணக்காளர்) ஒருத்தர இன்னைக்கே புடிங்க.

கேள்வி: ஆறு மாச அக்ரிமெண்ட், நாலு மாசம் ஓடிப்போச்சு, ஒரு ஆஃபர் இல்ல. விலைய கொறைங்கன்னு மட்டும் சொல்றார். விட்டு வெளிய வர முடியுமா?

ஏஜென்ட்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க, நீங்க கையெழுத்து போட்டது அவரோட ப்ரோக்கர் கம்பெனிகூட. அங்க இருக்கற மேனேஜிங் ப்ரோக்கருக்கு மரியாதையா ஒரு மெயில் போடுங்க, தேதி வாரியா என்ன நடந்துச்சு, எத்தன பேர் வந்து பாத்தாங்கன்னு. வேற ஏஜென்ட மாத்திக் குடுங்க இல்ல விடுவிச்சிடுங்கன்னு கேளுங்க, பெரும்பாலும் விட்டுடுவாங்க, யாருக்கும் கெட்ட பேர் வேண்டாம். விலை கொறைக்கச் சொன்னா, சரி, கொறைக்கறேன், நீங்களும் அரை பர்சன்ட் கொறைங்கன்னு கேக்க இதான் நேரம்.

வெளிய வர்றப்போ "ப்ரொடக்ஷன் பீரியட்"னு ஒரு நிபந்தனை அக்ரிமெண்ட்ல இருக்கும், பாருங்க. அவர் காலத்துல வந்து பாத்தவங்க யாராவது அக்ரிமெண்ட் முடிஞ்சு இத்தன நாளுக்குள்ள வாங்கினா அவருக்கே கமிஷன்னு. அந்த ஆளுங்க பேர் லிஸ்ட எழுத்துல கேட்டு வாங்கிட்டு, விடுவிச்ச கடிதமும் கைக்கு வந்த பிறகு அடுத்த ஏஜென்டோட ஃபார்ம தொடுங்க. இல்லன்னா ஒரே வீட்டுக்கு ரெண்டு பேர் கமிஷன் கேட்டு நிப்பாங்க.