ஒரே லாப்டாப்பில் விண்டோஸில் ஐந்து மணி நேரம் வரும் பேட்டரி, உபுண்டு என்ற லினக்ஸில் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. லினக்ஸ் பேட்டரியைத் தின்னுமா?

தின்னாது. ஆனால் அதை நிரூபிக்க எனக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் அரை நாள் ஆனது என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக முடியவில்லை.

முதலில் உங்கள் கணக்கு. பேட்டரி 45 வாட்-அவர் என்று வைத்துக்கொள்வோம்; நடுத்தர விலை லாப்டாப்பில் அவ்வளவுதான் இருக்கும். ஐந்து மணி நேரம் ஓடினால் சராசரியாக 9 வாட் செலவு. மூன்று மணி நேரம் என்றால் 15 வாட். ஆக, உபுண்டுவில் இருக்கும்போது 6 வாட் கூடுதலாக எங்கோ போகிறது. டைப் அடித்துக்கொண்டும் பிரவுசரில் படித்துக்கொண்டும் இருக்கும்போது, ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) என்ற ஒன்று தானாக உட்கார்ந்து 6 வாட் சாப்பிட்டுவிட முடியாது. தூங்க வேண்டிய ஏதோ ஒரு பாகம் உள்ளே விழித்திருக்கிறது. உங்கள் லாப்டாப்பில் இன்டெல் கிராஃபிக்ஸோடு தனியாக ஒரு என்விடியா கார்டும் இருக்கும் என்பது என் ஊகம். கேள்வியில் மாடலை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் இந்த 6 வாட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

என் கதை இதேதான். காரைக்குடியில் இருந்துகொண்டு சென்னைப் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். மெய்ப்புத் திருத்தம் முடிந்த கையோடு நேரில் உட்கார்ந்து பேச வேண்டிய வேலைகளுக்குப் பல்லவன் ரயிலில் போவேன். ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம், உட்காரும் பெட்டி. சார்ஜ் போடும் இடம் நம் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தால் யோகம், அதில் மின்சாரமும் வந்தால் இரட்டை யோகம். அதனால் பேட்டரி எனக்கு வேலை நேரக் கணக்கு. மடிக்கணினி விழுப்புரம் வரை தாங்கினால் ஒரு அத்தியாயம் கூடுதலாக முடியும்.

என் லாப்டாப்பில் 11ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர், கூடவே எம்எக்ஸ்450 என்ற சின்ன என்விடியா கார்டு. வந்த விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே உபுண்டுவும் போட்டேன். "அப்புறம் எதுக்கு விண்டோஸை வெச்சிருக்கே, முழுசா மாற வேண்டியதுதானே" என்று கேட்கப்போகும் தோழர்களுக்கு: நான் மாறத் தயார், என் பதிப்பாளர்கள் தயாராக இல்லை. இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோப்பு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மென்பொருளின் 7.0 பதிப்பு 2001இல் வந்தது, அதோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் கல்லூரி முடித்துவிட்டார்கள், பேஜ்மேக்கர் கோப்பு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அதில் இருப்பது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடும் இல்லை. ஆளுக்கொரு பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். எழுத்துரு மாற்றும் மென்பொருளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றினால் 'ௌ' என்ற துணை எழுத்தும் 'ள'வும் ஒன்றோடொன்று குழம்பும், மேற்கோள் குறிகள் காணாமல் போகும். ஒரு நாவல் முழுக்க 'கௌரி'யைத் தேடித் தேடித் திருத்தியிருக்கிறேன். யூனிகோடை ஏற்றுத் தமிழக அரசு ஆணை போட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். இன்றைக்கும் ஒரு கையெழுத்துப் பிரதியை வாங்கியதும் நான் முதலில் கேட்பது "என்ன ஃபான்ட்டுங்க?" என்றுதான். இதற்குத் தனிக் கூலி கேட்டால் "பட்டனைத் தட்டினா மாறப்போகுது" என்பார்கள். சரி, இதை வேறொரு பதிலில் வைத்துக்கொள்கிறேன், உங்கள் கேள்வி பேட்டரி பற்றியது.

ஆக விண்டோஸ் பழைய கோப்புகளுக்கு, உபுண்டு என் சொந்த வேலைக்கு. ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் 1.5.3 பதிப்பு முதலே தமிழைக் கொம்பும் காலும் இடம் மாறாமல் காட்டுகிறது. 2024இல் வந்த 1.6இல் முழுப் புத்தகமே முடித்திருக்கிறேன். இரண்டு ஓஎஸ்ஸிலும் நாளெல்லாம் குப்பை கொட்டுகிறவள் என்பதால் ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன்.

வாரண்டி முடிவதற்குள்ளேயே பேட்டரி சட்டென்று இறங்கத் தொடங்கியது. இரண்டு ஓஎஸ்ஸிலும்தான். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன் (பெயர் வேண்டாம்). இயக்கியதும் எந்த ஓஎஸ் என்று கேட்கும் திரை வந்தது. அங்கே வேலை பார்த்த தம்பியின் முகமே மாறிவிட்டது. "மேடம், இந்த லினக்ஸ் கினக்ஸ் எல்லாம் போட்டா பேட்டரி போகத்தான் செய்யும். வாரண்டில வராது."

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். விண்டோஸுக்குள் போய் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்தேன். பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையிடம் பேட்டரி ரிப்போர்ட் கேட்கலாம், விண்டோஸ் 8 முதல் இருக்கும் வசதி. அதில் இரண்டு எண்கள் முக்கியம்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாகச் சார்ஜ் ஏறினால் நிற்கும் கொள்ளளவு. 45 வாட்-அவர் இருந்தது 31க்கு வந்திருந்தது. பிறகு உபுண்டுவுக்குப் போய் அதே எண்களைக் காட்டினேன். இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் இந்தக் கணக்கைச் சொல்வது பேட்டரிக்குள் இருக்கும் சில்லு, ஓஎஸ் அதைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். "தம்பி, லினக்ஸ் அதிகமா செலவு பண்ணா சீக்கிரம் தீரும், மறுபடி சார்ஜ் போட்டா நிறையணும். இங்க பாத்திரமே சுருங்கிப்போயிருக்கு" என்றேன். அவருக்குப் புரிந்தது, முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. மேலே இருந்தவர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் புது பேட்டரி வந்தது. கம்பெனியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், மாற்றித்தான் கொடுத்தார்கள். "லினக்ஸ் போட்டா போகும்" என்று ஒரு வரியில் ஆளை அனுப்பிவிடப் பார்த்ததுதான் எனக்கு ஆறவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்களும் முதலில் அந்த இரண்டு எண்களைப் பாருங்கள். தேய்ந்த பேட்டரி என்றால் இரண்டு ஓஎஸ்ஸிலும் நேரம் குறையும், அந்தப் பழியையும் லினக்ஸ் தலையில் போட்டுவிடக்கூடாது.

புது பேட்டரி வந்த பிறகும் உபுண்டுவில் செலவு அதிகமாகவே இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. 2007இல் இன்டெல் வெளியிட்ட பவர்டாப் என்ற கருவி இருக்கிறது, இந்த நிமிடம் எத்தனை வாட் போகிறது என்று சொல்லும். சும்மா இருக்கும்போதே 11, 12 என்று காட்டியது. விண்டோஸில் அதே நிலையில் ஐந்து ஆறுதான். காரணம் அந்த எம்எக்ஸ்450. நான் படம் வரைவதும் இல்லை, கேம் ஆடுவதும் இல்லை, அது மட்டும் முழு நேரமும் விழித்திருந்தது. விண்டோஸில் வேலை இல்லாதபோது கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரே அதை அணைத்துவிடும். உபுண்டுவில், எந்த கிராஃபிக்ஸ் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிரைம் அமைப்பு 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் நின்றுகொண்டிருந்தது. அதை இன்டெல் மட்டும் என்று மாற்றி, ரீஸ்டார்ட் செய்ததும் வாட் கணக்கு விண்டோஸுக்குச் சமமாக இறங்கியது. ஒரு சூட்சுமம்: கார்டு தூங்குகிறதா என்று பார்க்க, அதன் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டாதீர்கள், கேட்பதற்காகவே அது கார்டை எழுப்பிவிடும். பவர்டாப்பின் வாட் எண்ணை மட்டும் பாருங்கள்.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டினாரே, அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ஏன் காட்டினார் தெரியுமா? இப்படி இரட்டை கிராஃபிக்ஸ் உள்ள லாப்டாப்புக்கு லினக்ஸில் ஆதரவில்லையே என்று ஒரு பெண் கேட்ட கேள்விக்குத்தான் அந்தப் பதில். பத்து வருடம் கழித்து, 2022 மேயில்தான் என்விடியா தன் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவரைத் திறந்த மூலமாக வெளியிட்டது, அதுவும் ட்யூரிங் என்ற தலைமுறைக் கார்டுகளுக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டும்.

லினக்ஸ் பக்கமும் குற்றம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒருதலைப்பட்சம் என்பீர்கள். 2011இல் வந்த 2.6.38 கெர்னலில், உள்ளே பாகங்களை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளைத் தூங்க வைக்கும் வேலையைப் பல லாப்டாப்களில் நிறுத்திவிட்டார்கள். லாப்டாப்போடு வரும் தொடக்க மென்பொருளான பயாஸ் "வேண்டாம்" என்று சொன்னால் அதை அப்படியே மதித்ததன் விளைவு. விண்டோஸ் அந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து மேத்யூ காரெட் என்ற கெர்னல் நிரலாளர் எழுதிய திருத்தம் 3.3 கெர்னலில்தான் சேர்ந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் லினக்ஸுக்கு மாறியவர்கள்தான் இன்றுவரை "பேட்டரி நிக்காதுப்பா" என்று சொல்லித் திரிகிறார்கள். அதே சமயத்தில்தான் இங்கே அரசின் இலவச லாப்டாப்பில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் வந்தது. 2012 மின்வெட்டில் தவித்த பிள்ளைகள் எந்தப் பக்கம் பேட்டரி நிற்கிறதோ அந்தப் பக்கம்தானே போவார்கள்? என் தம்பி பாஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

வீடியோவும் ஒரு காரணம். முன்பெல்லாம் லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸில் யூடியூப் ஓடினால் கிராஃபிக்ஸ் சில்லு சும்மா இருக்கும், பிராசசர் மூச்சு வாங்கும். 2023 ஜூலையில் வந்த 115 பதிப்பிலிருந்து இன்டெல்லுக்கு அது தானாகவே சரியாகிவிட்டது. பழைய பதிப்பை வைத்திருந்தால் புதுப்பியுங்கள், இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒப்பிடும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "ஐந்து மணி நேரம்" என்று நீங்கள் சொன்னது எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம். மூலையில் காட்டும் "இன்னும் இவ்வளவு நேரம்" என்ற எண்ணை நம்பாதீர்கள். அது அந்த நிமிடச் செலவை வைத்துச் சொல்லும் ஜோசியம். ஆப்பிளே 2016 டிசம்பரில் மேக்கிலிருந்து அந்த எண்ணை எடுத்துவிட்டது. அப்புறம் வெளிச்சம். விண்டோஸில் 50 சதவீதமும் உபுண்டுவில் 50 சதவீதமும் ஒரே வெளிச்சம் இல்லை. லேசான வேலையில் திரைதான் பெரிய செலவாளி. கண்ணால் பார்த்து இரண்டையும் சமமாக வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். விண்டோஸ், சார்ஜ் நன்றாகக் குறைந்ததும் தானாக சிக்கன நிலைக்குப் போய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், அந்தக் கடைசிப் பகுதியைக் கணக்கில் சேர்த்தால் விண்டோஸுக்கு இலவச மதிப்பெண்.

மூடி வைத்த லாப்டாப் பையில் சூடாகிக் கிடப்பது விண்டோஸில்தான் எனக்கு நடந்திருக்கிறது. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற பெயரில் அது தூங்குவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு மெயில் பார்க்கிறது. இதே வகைத் தூக்கம்தான் என் லாப்டாப்பில் உபுண்டுவுக்கும் வாய்த்தது, ஆனால் நடு ராத்திரி அப்டேட் போட எழுந்திருப்பதில்லை. உங்கள் அனுபவம் வேறாக இருக்கலாம், சண்டைக்கு வராதீர்கள்.

"இதுக்குத்தான் மேக் வாங்கணும்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஒப்புக்கொள்கிறேன், நன்றாகத்தான் நிற்கும். ஆனால் இன்டெல் காலத்து 15 அங்குல மேக்புக் ப்ரோவில் ஆப்பிளின் பூட்கேம்ப் கருவி வழியாக விண்டோஸ் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே சிக்கனமான இன்டெல் கிராஃபிக்ஸ் விண்டோஸின் கண்ணிலேயே படாது, பெரிய கார்டு மட்டும் ஓடும். அதே பெட்டியில் மேக் ஓஎஸ் ஜெயிக்கும், விண்டோஸ் படுத்துவிடும். யார் அந்தப் பெட்டிக்காக உட்கார்ந்து டிரைவர் எழுதினார்களோ அவர்கள் ஜெயிக்கிறார்கள். உங்கள் லாப்டாப்பைச் செய்தவர்கள் விண்டோஸுக்காக உட்கார்ந்தார்கள், லினக்ஸுக்காக வேறு யாரோ உட்கார்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: பவர்டாப்பில் வாட் பாருங்கள். என்விடியா இருந்தால் இன்டெல்லுக்கு மாற்றுங்கள். உபுண்டுவின் பவர் அமைப்பில் 'பவர் சேவர்' இருக்கிறது, பயணத்தில் அதைப் போடுங்கள். யூடியூபில் சொன்னார்கள் என்று டிஎல்பி என்ற பேட்டரி சேமிப்புக் கருவியையும் சேர்த்து நிறுவாதீர்கள், உபுண்டுவோடு வரும் பவர் புரொஃபைல்ஸும் அதுவும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும், ஏதாவது ஒன்றுதான். ஏஎம்டி மட்டும் உள்ள லாப்டாப் என்றால் நான் என்விடியா பற்றிச் சொன்ன பாதி உங்களுக்குப் பொருந்தாது. அப்போது பவர்டாப்பின் 'ட்யூனபிள்ஸ்' பக்கத்தில் எது 'பேட்' என்று நிற்கிறது என்று பார்த்து, மாடல் பெயரோடு கேள்வியில் சேர்த்துவிடுங்கள். வைஃபையா, எஸ்எஸ்டியா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.