அன்றாடத் தேவைகளில் ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்டவர், "நோய் குணமானது, விபத்தில் தப்பியது எல்லாம் நிறையப் படித்தாயிற்று. அரிசி, வாடகை, வேலை மாதிரி விஷயங்களில் நடந்ததைச் சொல்லுங்கள். அதைத் தற்செயல் என்று ஏன் நினைக்கவில்லை என்றும் சொல்லுங்கள்" என்று விளக்கம் சேர்த்திருக்கிறார். எனக்குச் சொல்ல இருப்பதும் அப்படிப்பட்ட விஷயங்கள்தான். கூடவே பாட்டைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும். என் வாழ்க்கையில் அரிசியும் பாட்டும் ஒன்றையொன்று விட்டதில்லை.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தேன். யீஷூனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். பாடகர் குழுவும் என் பொறுப்பில்தான் இருக்கிறது.

முதலில் வேலை விஷயம். என் கணவர் பெரிய கட்டடங்களின் குளிரூட்டி இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளர். அவர் இருந்த நிறுவனம் ஒரு பிரிவையே மூடியபோது அவருக்கும் வேலை போயிற்று. ஊரில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். இங்கே எம்பிளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு, இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் சேர்ந்தே போய்விடும். பாஸை ரத்து செய்ததும் 30 நாள் தங்கிக்கொள்ள ஒரு தற்காலிக அனுமதி தருவார்கள். அந்த 30 நாளுக்குள் வேலை தேடி, நேர்காணல் முடித்து, புது நிறுவனம் விண்ணப்பம் போட்டு, மனிதவள அமைச்சின் ஒப்புதலும் வந்துவிட வேண்டும். வராவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். என்னுடைய பாஸும் பையனுடைய பாஸும் அவருடையதை நம்பித்தான் இருந்தன. பையன் அப்போது தொடக்கநிலை இரண்டு, அதாவது இரண்டாம் வகுப்பு.

எங்கள் வட்டாரத்தில் புதன்கிழமை தோறும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். பாடி முடித்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு வரும் வயதான அம்மா ஒருவரை எல்லாருமே ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். யாராவது "எங்கள் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லி முடித்தால் ஆச்சி விடமாட்டார். "என்ன வேணும்னு சொல்லும்மா. ஆண்டவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்பார்.

அந்தப் புதன்கிழமை நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்ன இயந்திரத்தில் வேலை செய்வார், எத்தனை வருஷ அனுபவம், எந்தத் தேதிக்குள் ஒப்புதல் வர வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன் தலைநிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக அவருக்குப் புதன் இரவு வேலை உண்டு. அந்த வாரம் மாற்றிவிட்டதால் வந்திருந்தார். அவர் ஒரு கட்டட நிர்வாக நிறுவனத்தில் இருப்பவர். அதே வேலைக்கு அவருடைய மேலாளர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் நேர்காணல், பேச்சுவார்த்தை, விண்ணப்பம் எல்லாம் நடந்து, கடைசித் தேதிக்குச் சில நாள் முன்னால் ஒப்புதல் வந்தது. இடைப்பட்ட வாரங்களில் பாடகர் குழுவில் பாடும் ஒரு அக்கா, "எங்க வீட்டுல வாங்கினது கூடிப்போச்சு" என்று சொல்லிச் சொல்லிப் பொன்னி அரிசி, எண்ணெய், பருப்பு என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். மூட்டையைப் பிரித்துக்கூட இருக்காது.

இந்த மாதிரிச் சாமான் சட்டு விஷயங்களை ஜெபத்தில் கொண்டுவரலாமா என்று சிலர் தயங்குவார்கள். வேதத்தில் அந்தத் தயக்கத்தை நான் பார்த்ததில்லை. தீர்க்கதரிசி எலிசாவிடம் முறையிட்ட ஒருவனின் கஷ்டம், தண்ணீரில் விழுந்துபோன ஒரு கோடரி, அதுவும் இரவல் வாங்கியது. அவ்வளவுதான் அவன் பிரச்சினை. அது மிதந்து வந்தது என்று இரண்டாம் இராஜாக்கள் 6இல் இருக்கிறது. அதே புத்தகம் 3ஆம் அதிகாரம் எனக்கு இன்னும் பிடித்தது. மூன்று ராஜாக்கள் படையோடு ஏழு நாள் சுற்றி நடந்து, ஆட்களுக்கும் மிருகங்களுக்கும் தண்ணீர் இல்லாமல் எலிசாவிடம் வந்து நிற்கிறார்கள். எலிசா முதலில் கேட்டது ஒரு சுரமண்டலக்காரனை! அவன் வாசித்தபோதுதான் கர்த்தருடைய வார்த்தை வருகிறது. மறுநாள் காலையில் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர். தாகத்துக்கு வழி கேட்டுப் போன இடத்தில் வாத்தியம் எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வாத்தியம் வாசிக்கிற எனக்கு இந்த அதிகாரம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் கீர்த்தனைதான் உயிர். பழைய கீர்த்தனைகளில் பல ஏழு அட்சரத்தில், அதாவது ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் போகும். எங்கள் கீபோர்டில் உள்ள தாளங்கள் நாலு அல்லது மூன்று என்ற கணக்கில்தான் இருக்கின்றன; ஏழுக்கு ஒன்றுகூட இல்லை. தாளம் பிடிக்க ஆள் இல்லாமல் பாடினால் என்ன ஆகும் தெரியுமா? முதல் சரணத்திலேயே முன்வரிசை அம்மாமார் ஒரு காலத்தில் போவார்கள், பின்வரிசை இளைஞர்கள் இன்னொரு காலத்தில் போவார்கள், மூன்றாம் சரணத்தில் எல்லாரும் இழுத்து இழுத்து நின்றுவிடுவார்கள். அதனால் இந்தக் கீர்த்தனைகளையே விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பாட்டிகள் அடுப்படியில் முணுமுணுத்துப் பிள்ளைகளுக்குக் கடத்திய பாட்டுகள் இவை. ஒரு தலைமுறை பாடாமல் விட்டால் போச்சு, அடுத்த தலைமுறைக்குக் காதில் விழக்கூட விழாது.

பழைய உறுப்பினர் குடும்பம் ஒன்று கொடுத்த தபேலா ஒரு ஜோடி சபை அலமாரியில் சும்மா கிடந்தது. வாசிக்க ஆள்தான் வேண்டும். புதன் கூட்டத்தில் அதையும் சொன்னேன். ஆச்சி விடுவாரா? "எப்படிப்பட்ட ஆளு?" என்றார். "ஏழு அட்சரம் தெரிஞ்ச, ஞாயிற்றுக்கிழமை வரக்கூடிய ஆள் வேணும் ஆச்சி" என்றேன். பல மாதம் அதே விண்ணப்பம்தான்.

ஒரு ஞாயிறு, கடைசி வரிசையில் புதுசாக ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். கீபோர்டு பக்கவாட்டில் இருப்பதால் கடைசி வரிசை எனக்கு நன்றாகத் தெரியும். கீர்த்தனை தொடங்கியதும், முன்னால் இருந்த பெஞ்சின் முதுகில் அவன் விரல்கள் தட்ட ஆரம்பித்தன. தகிட தகதிமி, தகிட தகதிமி. சபை இழுத்த இடத்திலும் அவன் விரல் இழுக்கவில்லை. நான் சபையை விட்டுவிட்டு அவன் விரலைப் பார்த்துத்தான் அன்றைக்கு மீதிச் சரணங்களை வாசித்தேன்.

ஆராதனை முடிந்ததும் பிடித்துக்கொண்டோம். துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். ஊர் சாத்தான்குளம் பக்கம். அவன் ஊர்க் கோயில்பிள்ளை, அதாவது ஆலயப் பணியாளர், சின்ன வயசிலேயே தபேலா கற்றுக்கொடுத்து, கிறிஸ்துமஸ் கீத பவனிக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போவாராம். "இங்க வந்ததுலேர்ந்து கையில தாளமே இல்லக்கா. தமிழ்ல பாடுற ஒரு சர்ச்ச காட்டும்னுதான் தினமும் கேட்டுட்டிருந்தேன்" என்றான். நாங்கள் இங்கே ஆள் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில், அவன் துவாஸ் விடுதியில் கட்டிலில் படுத்துக்கொண்டு எங்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அவன் தபேலாவைக் கையாளும் விதமே தனி. ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, இரண்டையும் உறையிலிருந்து எடுத்து ஏசி ஓடும் ஆலயத்துக்குள் வைத்துவிடுவான். சிங்கப்பூர் ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கியிருக்கும். ஏசியில் காயக் காய ஏறும். ஏறி முடிகிற வரைக்கும் தொடமாட்டான். அப்புறம்தான் சின்னச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுவான். ஒரு தட்டு, காதைச் சாய்த்துக் கேட்பது, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. நான் கீபோர்டில் இரண்டு கட்டைச் சுருதியில் ஸ்வரத்தைப் பிடித்தபடி காத்திருப்பேன். அது சேருகிற நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி வரும். அதுவே எங்கள் முதல் ஜெபம் என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கேதான் எனக்கு முக்கியமான விஷயம் வருகிறது. தபேலாக்காரனைக் கேட்டோம், கிடைத்தான். ஆனால் அவன் வெறும் இரண்டு கையாக வரவில்லை. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி கேட்டு ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் இங்கே இரண்டு நாள் அடிப்படைச் சம்பளம். ஒவ்வொரு ஞாயிறும் அவன் எங்களோடு உட்கார்ந்தால் அந்தப் பணம் போகும். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் போதகர்தான் வேதத்தில் நெகேமியா புத்தகத்திலிருந்து எடுத்துப் பேசினார். எருசலேம் ஆலயத்துப் பாடகர்களுக்குக் கொடுக்க வேண்டிய பங்கைக் கொடுக்காமல் விட்டதால், அவர்கள் பாட்டை விட்டுவிட்டுத் தங்கள் வயலுக்கு ஓடிப்போனார்கள் என்று 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆளுநராக இருந்த நெகேமியா பாடகர்களைத் திட்டவில்லை. பெரியவர்களைக் கூப்பிட்டு, ஆலயம் ஏன் இப்படிக் கைவிடப்பட்டது என்று அவர்களைத்தான் கடிந்துகொள்கிறார். அன்றைக்கே சபையில் முடிவெடுத்தார்கள். போக்குவரத்துச் செலவு, மதியச் சாப்பாடு, அதோடு மாதாமாதம் ஒரு தொகை. தம்பி வாங்க மறுத்தான். "வேதத்துல போட்டிருக்கு, வாங்கிக்கோ" என்று ஆச்சி அவன் சட்டைப் பையில் திணித்தார்.

ஜெபத்துக்குப் பதில் வானத்திலிருந்து தொப்பென்று விழுவதை நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ஆட்களாகத்தான் வந்தது, அவரவர் பசியோடும் கடனோடும் வந்தது. நாங்கள் கேட்டதற்கு அவன் பதில். அவன் கேட்டதற்கு நாங்கள். ஆச்சி ஏன் அத்தனை விவரம் கேட்கிறார் என்பது எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது.

கொரோனாவால் 2020 ஏப்ரல் 7 அன்று எல்லாம் மூடியது. ஜூன் கடைசியில் 50 பேர் வரை ஆலயத்தில் கூடலாம் என்று அனுமதித்தார்கள், ஆனால் பாடக்கூடாது. தம்பி மாதிரி தொழிலாளர் விடுதியில் இருந்தவர்களுக்கு அந்த 50 பேரில் ஒருவராக வரவும் வழியில்லை; 2021 செப்டம்பரில்தான் அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் முன்னோட்டத் திட்டமே தொடங்கியது. அந்தக் காலத்தில் தம்பி விடுதியில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து வைத்து வாசித்தான். ஸூமில் சேர்ந்து பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவர் தாளம் இன்னொருவரை அடைவதற்குள் அரை அட்சரம் தள்ளிப்போய்விடும். அதனால் அவன் முதலில் தாளத்தை மட்டும் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். நாங்கள் ஒவ்வொருவரும் அதைக் காதில் மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து பாடி அனுப்புவோம். ஒருவர் அதையெல்லாம் கோத்துக் கொடுப்பார்.

கேட்டது கிடைக்காமலும் போயிருக்கிறது. அந்த வருஷம் மே மாதம் அம்மா ஊரில் காலமானார். விமானங்கள் நின்றுபோயிருந்தன. எப்படியாவது போய்ச் சேர வழி கேட்டேன். கிடைக்கவில்லை. அதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. யாராவது விளக்க வந்தால் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. அடக்கத்துக்குள் குழுவினர் அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடி அனுப்பினார்கள். அடியில் வாளித் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் என் அண்ணன் அதைக் கல்லறைத் தோட்டத்தில் ஃபோனில் போட்டார். நான் கேட்டது அது இல்லை என்று தெரியும். இருந்தாலும் அதையும் வாங்கிக்கொண்டேன்.

தற்செயலா என்ற கேள்விக்கு வருகிறேன். ஜெபக் கூட்டத்தில் எதிரில் இருந்த அந்த அண்ணனின் இரவு வேலை மாறியது தற்செயல் என்று நீங்கள் சொன்னால் நான் மல்லுக்கு நிற்கமாட்டேன். வேலை அட்டவணை எப்படிப் போடுவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் ஒருவரிடம் பேர் சொல்லிக் கேட்டேன். கேட்டது வந்தபோது அவருக்கு நன்றி சொல்லாமல் அட்டவணைக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று ஞாயிறு தோறும் எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம். அதை நிஜமாகவே கேட்கிறோம் என்றால், வந்ததையும் நிஜமாகவே வாங்கிக்கொள்ள வேண்டும் அல்லவா.

தம்பியின் ஒப்பந்தம் சீக்கிரம் முடிகிறது. கடன் அடைந்துவிட்டது, ஊருக்குப் போகத் தயாராகிவிட்டான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இப்போது சொல்லிக்கொடுக்கிறான். அதில் ஒரு பெண் பிள்ளைக்கு ஏழு அட்சரம் கையில் உட்கார்ந்துவிட்டது. வலது தபேலாவின் தோல் மட்டும் நைந்துபோயிருக்கிறது. இங்கே சிராங்கூன் பக்கம் விசாரித்தோம், எங்கள் அளவு கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வருகிற யாராவது வாங்கி வர வேண்டும் என்று இந்தப் புதன் கூட்டத்தில் விண்ணப்பம் சொல்லியிருக்கிறேன். வாய் ஐந்தேகால் அங்குலம், சுருதி இரண்டு கட்டை என்று அளவோடு சொன்னேன்.