கம்பளி உருட்டும் மகள்

கேள்வி: என் மகள் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டுத் துணிக்கடையில் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வந்தால் ஃபெல்ட் என்று சொல்லி, கம்பளியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து உருட்டிக்கொண்டே இருக்கிறாள். இதையே தொழிலாக்கப் போகிறாளாம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்த்த பிள்ளை, பயமாக இருக்கிறது. இதில் பிழைக்க முடியுமா?
- ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: முடியும் அம்மா. ஆனால் உடனே கடை வேலையை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல மெரினோ ஆட்டுக் கம்பளி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், கைக்காசு கரையும். மாதச் சம்பளம் இருந்தால்தான் விற்குமா விற்காதா என்று பதறாமல் விருப்பப்படி செய்து பார்க்கலாம்.

ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கம்பளி இழையின்மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சுடுதண்ணீர், சோப்பு, உருட்டல் மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி, அப்புறம் பிரிக்கவே வராது. அதுதான் ஃபெல்ட் துணி, தறியே வேண்டாம். மூன்றில் ஒரு பங்குவரை சுருங்குவதால் 60 சென்டிமீட்டர் துணிக்குச் சுமார் 90 சென்டிமீட்டர் பரப்புவார்கள். நடுவில் விரலால் கிள்ளித் தூக்கிப் பார்ப்பாள். இழை தனியாக எழுந்தால் இன்னும் உருட்டணும், துணியோடு எழுந்தால் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பாலி ஸ்டர்லிங் என்ற கலைஞர், மெல்லிய துணிக்குள் கம்பளியை ஊடுருவவிட்டு இறுக்கும் நூனோ முறையை உருவாக்கினார். நம் வெக்கைக்கு இதுதான் சரி, ஏனென்றால் கம்பளி கொஞ்சம் போதும், துணியும் லேசாக இருக்கும். ‘வாயில்’ என்கிற மெல்லிய துணியில் நெய்த உங்கள் பழைய புடவை ஒன்றைக் கொடுங்கள், அந்த நெசவின் இடைவெளியில் கம்பளி நன்றாகப் புகும், சுருங்கும்போது புடவையும் சுருக்கம் சுருக்கமாக எழும்பி வரும். தோட்டத்து வீட்டுப் புடவையில் பிறந்த வேலைப்பாடு வேறு யாரிடமும் இருக்காது, அவள் பெயர் சொல்லப்போவது அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பினாங்கின் சுவா தியன் தெங் 1950களில் செய்ததை நினைத்துப் பாருங்கள், சட்டைக்கும் சாரோங்குக்கும் என்றிருந்த, துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்தேக் முறையை எடுத்து ஓவியம் தீட்டி உலகறிந்த கலைஞரானார். நெசவாளர் அன்னி ஆல்பர்ஸுக்கு 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமே தனிக் கண்காட்சி வைத்தது.

வருமானம் ஒரே வழியில் வராது. சால்வை விற்பனை, கேட்பவர்களுக்குச் செய்து கொடுப்பது, வார இறுதி வகுப்பு என்று பல பக்கமிருந்து சேரும். வகுப்புதான் பலருக்குக் கைகொடுக்கிறது. அரசின் கைவினை நிறுவனமான கிராஃப்தாங்கான் அலுவலகத்தில் பயிற்சி, கண்காட்சி பற்றி நேரில் போய் விசாரிக்கட்டும்.

ஒவ்வொரு துணியையும் படமெடுத்து அளவு, வருடம், செலவு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நன்றாகக் காயாமல் மடித்தால் நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் அரிக்கும். சொந்தக்காரர்கள் சும்மா கேட்பார்கள், அவர்களிடமும் விலை சொல்லப் பழகட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள்.