லிங்கனின் பையும் அனுப்பாத கடிதமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்ட இரவில் அவர் உடுப்பின் பையில் இருந்த பொருட்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கண்ணாடி, கைக்குட்டை, பேனாக்கத்தி... இதில் என்ன வரலாறு இருக்கிறது? அவர் மகன் தந்தையின் கடிதங்களைப் பூட்டி வைத்தார், எரிக்கவும் பார்த்தார் என்கிறார்களே, உண்மையா?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் எரிச்சல் புரிகிறது. பெரிய மனிதர்களின் செருப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவதில் எனக்கும் ஆர்வமில்லை. ஆனால் அவர் பையில் இருந்த தோல் பர்ஸுக்குள் ஒன்பது செய்தித்தாள் நறுக்குகள் இருந்தன. பல அவரைப் பாராட்டுபவை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் பிரைட் ஆதரித்து எழுதியதும் அவற்றில் உண்டு. வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் நடந்த நான்கு வருடமும் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த மனிதர் தன்னைப் பற்றி நல்லதாக வந்த நாலு வரியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். எந்த மேடையிலும் இதைச் சொல்லியிருக்க மாட்டார். கூடவே எதிரித் தரப்பான தென்மாநிலக் கூட்டமைப்பின் ஐந்து டாலர் நோட்டு ஒன்று, நூல் கட்டி ஒட்டுப்போட்ட மூக்குக்கண்ணாடி ஒன்று. பேத்தி மேரி லிங்கன் இஷாம் இவற்றை 1937-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார். பெட்டியைத் திறந்தது 1976-இல், லிங்கனின் பிறந்தநாளன்று.

மகன் ராபர்ட்டும் வக்கீல்தான். 1919-இல் தந்தையின் கடிதங்கள் அடங்கிய தாள்களை அதே நூலகத்தில் ஒப்படைத்தார். பிறகு, தான் இறந்து 21 வருடம் ஆகும்வரை திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். அதில் பேர் அடிபட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். 1926-இல் இறந்தார், 1947 ஜூலை 26 அன்று திறந்தார்கள். பெரிய ரகசியம் வெடிக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். தாள்களை எரிக்கப்போன ராபர்ட்டைத் தடுத்தேன் என்று கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் பட்லர் சொன்ன கதையை நான் நம்பவில்லை. அது நடந்ததாக அவர் சொல்லும் நேரத்தில் தாள்கள் ஏற்கெனவே நூலகத்தில் இருந்தன.

அந்தக் குவியலில் ஒரே ஒரு தாளுக்காகப் பையில் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிடுவேன். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டையில் வென்ற லிங்கன் தரப்புத் தளபதி மீட், தோற்றுப் பின்வாங்கிய தென்தரப்புத் தளபதி லீயின் படையைப் பொட்டோமாக் ஆற்றைத் தாண்ட விட்டுவிட்டார். 14-ஆம் தேதி லிங்கன் அவருக்கு எழுதுகிறார்: உங்களுடைய பொன்னான வாய்ப்பு போய்விட்டது, அதனால் எனக்கு அளவில்லாத வருத்தம். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு உறையின் மேல் ‘ஜெனரல் மீடுக்கு, அனுப்பவில்லை, கையெழுத்திடவும் இல்லை’ என்று குறித்து எடுத்து வைத்துவிட்டார். கிழித்தும் போடவில்லை. வக்கீல் ஆபீசில் காகிதத்தைத் தொப்பிக்குள் செருகி வைத்த மனிதர், இதை மட்டும் இவ்வளவு ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கிறார்.

தாள்கள் இப்போது நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏறக்குறைய பாதியை நாக்ஸ் கல்லூரிக்காரர்கள் படித்துத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார்கள், அதனால் பழைய கையெழுத்தோடு அதிகம் மல்லுக்கட்ட வேண்டாம். மீட் கடிதத்திலிருந்து தொடங்குங்கள்.