டெர்பிக்குப் போகும் சிறிய காரில் இரும்பை எங்கே வைப்பது?

கேள்வி: ஒஹையோவில் வசிக்கிறோம். ஆகஸ்டு மாதம் எங்கள் கவுண்டிச் (மாவட்டச்) சந்தையில் நடக்கும் டெமாலிஷன் டெர்பியில், அதாவது கார்கள் ஒன்றையொன்று மோதி, கடைசிவரை ஓடும் கார் வெல்லும் போட்டியில், சிறிய கார் பிரிவில் கலந்துகொள்ள என் 19 வயது மகன் ஆசைப்படுகிறான். 2001ஆம் ஆண்டு ஷெவ்ரலே கேவலியர் ஒன்றை வாங்கிவிட்டோம், 2.2 லிட்டர் என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். வெல்டிங் தெரிந்த நண்பர் ஒருவர், முன்னிருந்து பின்வரை அடிச்சட்டம் முழுவதற்கும் தகடு வைத்து இறுக்கிவிடலாம் என்கிறார். செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நண்பர் சொல்வதைச் செய்யாதீர்கள். வெல்டிங் தெரிந்த நண்பர் கிடைத்தது பெரிய பேறு. அவருடைய கைவேலையை வேறு இடத்தில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் விதிகள். டெர்பிக்கு நாடு முழுவதற்குமான ஒரே விதிப்புத்தகம் கிடையாது. சந்தைக்குச் சந்தை, நடத்துபவருக்கு நடத்துபவர் மாறும். உங்கள் கவுண்டியின் இந்த ஆண்டுப் பதிப்பை வாங்கி, இருவரும் வரிவரியாகப் படியுங்கள். சிறிய கார் பிரிவில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரத்துக்கு 105 அல்லது 108 அங்குலம் என்று வரம்பு வைப்பது வழக்கம். கேவலியருக்கு அது ஏறத்தாழ 104 அங்குலம் என்பதால் கவலையில்லை. ஆனால் வெல்டிங் விஷயத்தில் எல்லாரும் கெடுபிடி. செய்யலாம் என்று எழுதப்படாத எதையும் செய்யக்கூடாது என்றுதான் புத்தகத்தைப் படிக்க வேண்டும். அடிச்சட்டத்தில் கூடுதல் தகடு இருந்தால், பரிசோதகர் அதை வெட்டி எடுக்கச் சொல்வார். மறுத்தால் வண்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். அளவுமீறி உறுதியான வண்டியை இந்த விளையாட்டு என்றுமே விரும்பியதில்லை. 1960களின் நடுவில் வந்த கிறைஸ்லர் இம்பீரியல் கார்களை எவ்வளவு மோதினாலும் அசைக்க முடியவில்லை என்பதாலேயே பல போட்டிகளில் தடைசெய்துவிட்டார்கள்.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் மகன் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதி நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி 40 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், அவன் உடம்பு தாங்குவது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு. தகடு வைத்து இறுக்கியதால் 10 சென்டிமீட்டர் மட்டுமே நசுங்கினால் அது 35 மடங்கு. நசுங்கும் தகரம்தான் அவன் கழுத்தைக் காப்பாற்றுகிறது. முன்னும் பின்னும் நசுங்கட்டும். அவன் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் நசுங்கக்கூடாது. வாங்கிய இரும்பையெல்லாம் அங்கே கொண்டுபோங்கள்.

வெல்டிங்கைத் தொடும் முன் வண்டியை வெறுமையாக்க வேண்டும். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, பிறகே ஏர்பேக் இரண்டையும் கழற்றுங்கள்; கழற்றியதை முகம் மேலே பார்க்க வையுங்கள். கண்ணாடிகளை உடைக்காமல் எடுங்கள். உடைத்தால் கதவுக்குள் விழும் துணுக்குகள் போட்டியன்று ஒவ்வொரு மோதலுக்கும் வெளியே தெறிக்கும். தரைவிரிப்பு, கூரைத் துணி, பின் இருக்கை எல்லாம் போக வேண்டும். தீப்பிடிக்கும் எதுவும் உள்ளே மிஞ்சக்கூடாது. பின் இருக்கைக்கு அடியில் தொங்கும் பெட்ரோல் டாங்கை இறக்கி, வேலை நடக்கும் இடத்திலிருந்து தூரமாகக் கொண்டுபோங்கள். காலி டாங்குதானே என்று அலட்சியம் வேண்டாம். நிறைந்த டாங்கைவிட ஆவி தேங்கிய காலி டாங்கே அதிக ஆபத்து.

இனி நண்பரின் வேலை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், ஒரு கதவுத் தூணிலிருந்து மறு தூணுக்குக் குறுக்காக ஒரு கனமான குழாய். டாஷ்போர்டு இருக்கும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் கதவுகளின் உட்புறமாக இணைக்கும் நீளக் குழாய்கள். இந்தப் பெட்டிதான் உயிர்க்கூடு. குழாயின் முனையை நேரடியாகத் தூணில் வெல்டு செய்யாதீர்கள். காரின் தகரம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இருக்காது. அடி விழுந்ததும் குழாய் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உள்ளங்கையைவிடப் பெரிய தடித்த தகட்டை முதலில் தூணோடு நாலாபுறமும் வெல்டு செய்து, அதன்மேல் குழாயை உட்காரவையுங்கள். விதி இடம்கொடுத்தால், பின் குழாயிலிருந்து கூரைக்கு மேலாக ஒரு வளைவுக் குழாயும் போடுங்கள். கார் கவிழ்ந்தால் அதுதான் தலையைக் காக்கும். முன்கண்ணாடி இருந்த இடத்தில், கூரை விளிம்பிலிருந்து கீழே இரண்டு கம்பிகள் அவசியம். பானட் கழன்றால் அது வரும் வழி அதுதான். துத்தநாகப் பூச்சுள்ள குழாயை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட வேண்டாம். வெல்டிங்கில் எழும் அதன் புகை காய்ச்சலில் தள்ளிவிடும்.

ஓட்டுநர் கதவின் வெளிப்புறத்தில் தகடு வைக்கப் பெரும்பாலும் அனுமதி உண்டு. அந்தக் கதவில் வேண்டுமென்று மோதுவது எல்லா இடத்திலும் குற்றம், ஆனாலும் தவறி மோதுவார்கள். உட்புறத்தில் கனமான பஞ்சுப் பட்டை வைத்துக் கட்டுங்கள். இருக்கையின் முதுகு பின்னால் சாயாதபடி குறுக்குக் குழாயோடு பிணைத்துவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னாலிருந்து விழும் முதல் அடியிலேயே இருக்கை மல்லாந்து, ஸ்டியரிங் கைக்கு எட்டாமல் போய்விடும்.

உயிர்க்கூடு முடிந்தால் பாதுகாப்பு முடிந்தது. ஆனால் வெற்றி வேறு இடத்தில் இருக்கிறது. சிறிய கார்கள் நொறுங்கித் தோற்பது குறைவு; பெரும்பாலும் நின்றுபோய்த் தோற்கின்றன.

உங்கள் கேவலியரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கியர் எண்ணெய்க் குழாய்களை. கியர்பெட்டியின் எண்ணெய் குளிர்வதற்காக ரேடியேட்டருக்குள் போய் வருகிறது. ரேடியேட்டர் கிழிந்தால் தண்ணீரோடு அந்த எண்ணெயும் கொட்டிவிடும். தண்ணீர் இல்லாமல் என்ஜின் சில நிமிடங்களாவது முனகிக்கொண்டு ஓடும். கியர் எண்ணெய் இல்லாமல் வண்டி ஓர் அடிகூட நகராது. எண்ணெய் வெளியேறும் குழாயும் திரும்பும் குழாயும் ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றிப் போகும்படி செய்யுங்கள். பத்து நிமிட ஆட்டத்துக்கு இரண்டையும் ஒரே ரப்பர் குழாயால் வளையமாக இணைத்தாலே போதும். விதி அனுமதித்தால் உள்ளே தனிக் குளிர்விப்பான் வைக்கலாம். அதற்கான எண்ணெய்க் குழாயை வாங்கி, இரு முனையிலும் இரட்டைக் கிளிப் போடுங்கள். ஒற்றைக் கிளிப்பில் நழுவிய குழாயால், இறுதிச்சுற்றில் கீறல்கூட இல்லாத ஒரு கார் சேற்றில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

பெட்ரோலுக்குச் சிறிய உலோக டாங்கு, பின் இருக்கை இருந்த இடத்தில், பட்டையால் இறுக்கிக் கட்டி, மேலே மூடியுடன். பழைய பம்பு பழைய டாங்கோடு போய்விடும். இது எரிபொருளைப் பீய்ச்சும் என்ஜின் என்பதால் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்குக் குறையாத அழுத்தம் கேட்கும். கார்புரேட்டர் வண்டிக்கான பம்பு இதற்கு ஆகாது. குழாய்களும் அந்த அழுத்தத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். பம்புக்குத் தனிச் சுவிட்ச் வைத்து, வெளியிலிருந்து கைவிட்டாலும் எட்டும்படி பொருத்தி, சிவப்பில் எழுதிவையுங்கள். தீ என்றால் அதிகாரிகள் தேடுவது அதைத்தான். பேட்டரி முன்பயணி காலடியில், போல்ட் போட்ட பெட்டியில், ரப்பர் மூடியுடன்.

சாவித் துளையைக் கழற்றிவிட்டுச் சுவிட்ச் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். கேவலியரில் வேண்டாம். திருட்டைத் தடுக்கும் பாஸ்லாக் அமைப்பு அந்தச் சாவி உருளையில்தான் இருக்கிறது. அது கலைந்தால் என்ஜினுக்குப் பெட்ரோலை நிறுத்திவிடும். சாவியையும் உருளையையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

முன்சக்கர இழுவை வண்டி என்பதால் ஒரு பக்க ஆக்ஸில் முறிந்தால் இன்னொரு பக்கமும் இழுக்காது; என்ஜின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், அதை முறிந்த பக்கமே கொட்டும். இதற்காகச் சிலர் அதன் உள் பற்சக்கரங்களை வெல்டு செய்வார்கள். முதல் ஆட்டத்துக்கு அது தேவையில்லை. முன்சக்கரங்களைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டாலே போதும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு என்ற கம்பி குச்சி போன்றது. சக்கரத்தைத் திருப்பிய நிலையில் மோதினால் வளைந்துவிடும். மோதும் கணத்தில் ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லிக்கொண்டே இருங்கள்.

மோதுவது எப்போதும் பின்புறத்தால். என்ஜின், ரேடியேட்டர், இழுக்கும் சக்கரங்கள் எல்லாம் முன்னால் இருக்கின்றன. பின்னால் இருப்பது வெறும் டிக்கி. அந்த டிக்கி எந்தப் பக்கம் மடிகிறது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கீழ்நோக்கி மடிந்தால் பின்டயர்களைக் கவ்விக்கொள்ளும்; மேல்நோக்கி மடிந்தால் ஆட்டம் முடியும்வரை மெத்தைபோல் அடி வாங்கும். விதி அனுமதித்தால், பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் அடிச்சட்டத்தின் மேல்விளிம்பில் கிரைண்டரால் விரல் அகலத்துக்கு ஒரு வெட்டுக் கொடுங்கள். நகத்தால் கோடு போட்ட காகிதம் அந்தக் கோட்டிலேயே மடிவதுபோல், முதல் நல்ல அடியில் பின்புறம் எழும்பி நிற்கும். வெட்டுவதை அனுமதிக்காத இடத்தில் சுத்தியலால் பள்ளம் தட்டினாலும் பலன் உண்டு.

ரேடியேட்டரில் கூலண்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலான இடங்களில் அது கட்டாயம். என்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுங்கள். விசிறியை நேரடிச் சுவிட்சில் இணையுங்கள். பானட்டில் தீயணைப்புக்கான துளையை விதி சொல்லும் அளவில் வெட்டுங்கள். பிரேக் பிடிக்க வேண்டும். பரிசோதனையில் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள்.

போட்டியன்று சீக்கிரம் போய் வரிசையின் முன்பகுதியில் நில்லுங்கள். கிரைண்டர், சங்கிலி, கனத்த கம்பி, கூடுதல் கிளிப்புகள் கையோடு இருக்கட்டும். பரிசோதகர் எதையாவது வெட்டச் சொன்னால் வாதாடாமல் வெட்டிவிட்டு மறுபடியும் வரிசையில் சேர நேரம் கிடைக்கும். ஓட்டுநர் கதவுக்கருகே கட்டியிருக்கும் கொடிக்குச்சியை உடைத்தால் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டதாக அர்த்தம். புகை வந்தால், பெட்ரோல் வாசனை வந்தால், கழுத்தில் வலி தெரிந்தால் உடனே உடைக்கும்படி முன்கூட்டியே பேசிவையுங்கள். குச்சியை உடைத்த பிறகும் ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் கழற்றக்கூடாது. சிவப்புக்கொடி காட்டி எல்லா வண்டிகளும் நிற்கும்வரை அந்த உயிர்க்கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.